பெல்ட்டில் ஏறாத சட்டை

பத்து வருஷம் என் உடம்பில் ஒரு ஊக்கு கிடையாது. சேலைக்கு ஊக்குக் குத்த முடியாது என்பதால் சேலையையே விட்டுவிட்டுச் சுடிதாருக்கு மாறினேன். கொண்டை ஊசி கிடையாது, கொலுசு கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால், இவளுக்கு என்ன வந்தது, இப்படி வெறிச்சென்று வந்து நிற்கிறாள் என்று சொந்தக்காரிகள் ஜாடை பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன். இரும்பின் வாடை பட்டாலே ஊரைக் கூட்டுகிற ஒரு மெஷினோடு நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கைக்குழந்தைகளுக்கான சட்டைகளை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு வருகிற ஒவ்வொரு சட்டையும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் என் பெல்ட்டில் ஏறி இறங்கியாக வேண்டும். பார்வைக்கு அது ஒன்றுமே இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு மேஜை, நடுவில் ஒரு சின்னக் குகை, குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற ஒரு வெள்ளைப் பெல்ட். துணிக்குள் உடைந்த ஊசியின் ஒரு துணுக்கு, நொய்யரிசியில் பாதி இருந்தால்கூடப் போதும். சிவப்பு விளக்கு எரியும், மெஷின் கத்தும், பெல்ட் டக்கென்று நிற்கும். நின்றதோடு விடாது. பின்பக்கமாக ஓடி அந்தத் துணியை என்னிடமே கொண்டுவந்து நிறுத்தும்.

அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. அட்டைக்குள் ஒரு இரும்புப் பொட்டு. எறும்பின் தலைகூட அதைவிடப் பெரியது. மணிக்கு ஒரு தடவை அந்த அட்டையை மேலே, நடுவில், கீழே, இடது ஓரம், வலது ஓரம் என்று ஒன்பது இடத்தில் வைத்து அனுப்ப வேண்டும். ஒன்பது தடவையும் அது கத்த வேண்டும். முதல் நாள் அந்த ஒன்பது தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒன்றை, கண்ணே இல்லாத ஒன்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறதே என்று வாய் பிளந்து நின்றேன். பத்து வருஷம் கழித்தும் அப்படியேதான் நின்றேன். பக்கத்து டேபிள் பெண்கள் கேலி செய்வார்கள். அக்கா பெல்ட்டைப் பார்க்கிற பார்வையில் பாதி வீட்டுக்காரரைப் பார்த்திருந்தால் அவர் மெலிந்திருக்க மாட்டார் என்று ஒருத்தி சொன்னாள். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பெல்ட் என்றாலே எனக்கு ஒரு கிறுக்கு உண்டுதான். ஜல்லி கிரஷர் பக்கம் பஸ் போனால் எட்டிப் பார்ப்பேன். மலையை உடைத்துப் போட்ட கல் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்வான பெல்ட்டில் ஏறி உச்சிக்குப் போய்க் கொட்டும். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குத் தங்கையை அழைத்துவரப் போனபோது, அவளுடைய பெட்டி வரும் பெல்ட்டைப் பார்க்க உள்ளே விடமாட்டேன் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். யாரும் எடுக்காத ஒரு நீலப் பெட்டி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. மனதுக்கு என்னவோ போல் இருந்தது. பழைய சினிமாக்களில் வில்லன் கதாநாயகனைக் கட்டிப் பெல்ட்டில் படுக்க வைத்து ரம்பத்தை நோக்கி அனுப்புவான். என் மகன் சின்னவனாக இருந்தபோது அந்தக் காட்சி வந்தால் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவனுக்காக நான் கதையை மாற்றிச் சொல்வேன். அந்தப் பெல்ட் நல்ல பெல்ட், யாரைக் கொண்டுபோகிறோம் என்று அதற்குத் தெரியும், ரம்பத்துக்குக் கிட்டே போனதும் தானாகவே நின்று திரும்பி ஓடிவந்துவிடும் என்பேன். அவன் நம்பினான். அவனைவிட நான் நம்பினேன்.

அந்தப் பெல்ட்டில் ஏறாமல் போன ஒரே ஒரு சட்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைத் துணி தைக்கிற கம்பெனியில் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி கேட்டு வாங்க முடியாது. டெய்லர் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். காந்தத்தை வைத்துத் தரை, மடி, மெஷின் இடுக்கு, தைத்துக்கொண்டிருந்த துணி எல்லாவற்றையும் துழாவி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒரு அட்டையில் வரிசையாக வைத்து செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஊசி ஆக வேண்டும். அப்போதுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைன் முழுக்க நிற்கும். அந்த அட்டைகள் இருக்கும் ஊசி நோட்டும் என் பொறுப்பில்தான் இருந்தது. செத்தவர்களைப் புதைப்பதற்குக்கூட நாங்கள் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை. எங்கள் லைனில் எட்டு வருஷம் பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டிய ஒரு பெண்ணுக்கு மங்கலத்தில் ஆண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவர்கள் முஸ்லிம் குடும்பம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பவர்லூம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். பிறந்த குழந்தைக்கு என்று கேட்டால் எங்கள் மேனேஜர் ஒரு டேமேஜ் பீஸ் எடுத்துக்கொள்ளச் சொல்வார். பெல்ட்டில் போட்டு எடுத்துக்குங்க என்பார், அன்றும் அப்படியே சொன்னார். செக்கிங் டேபிளில் கழித்துப் போட்டிருந்த கூடையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்தேன். குட்டி யானைகள் அச்சிட்டது. கழுத்துப் பட்டியில் மட்டும் ஒரு எண்ணெய்க் கறை. சோப்புப் போட்டால் போய்விடும். அந்தக் கறை அங்கே எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

பெல்ட்டை அப்போதுதான் நிறுத்தி, துடைத்து, உறை போட்டு மூடியிருந்தேன். மறுபடி உறையை எடுத்து, மெஷினைப் போட்டு, சூடேறக் காத்திருந்து, ஒன்பது இடத்தில் அட்டை வைத்துப் பார்த்து, அப்புறம் ஒரே ஒரு சட்டையை அனுப்ப வேண்டும். ஒரு சட்டைக்காகவா என்று இருந்தது. சோம்பல்தான், வேறு காரணம் எதுவும் சொல்ல மாட்டேன். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மங்கலத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து, சட்டையைக் கொடுத்து, சேமியா பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊசி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பக்கத்து ஆள் ஆய்வுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை அட்டையில் ஒன்று கண்ணை உறுத்தியது. பிளாட்லாக் ஊசி, மூன்று துண்டு, ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் புது ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உடைந்தது ஒரு மயிரிழை நீளமாக இருந்தது. உடைந்தால் ஊசி வளரவா செய்யும்? பூதக்கண்ணாடியை எடுத்தேன். முனைத் துண்டு வேறு ஒரு ஊசியுடையது. உடைந்த இடமும் உடைந்த இடமும் பொருந்தவே இல்லை.

அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவள் தேனிப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து ஏழு மாதம். கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். பாவம், பொய்கூடச் சொல்லத் தெரியவில்லை. உடனே ஒப்புக்கொண்டாள். முனை கிடைக்கவேயில்லையாம். காந்தத்தால் எல்லா இடத்தையும் துழாவினாளாம். அன்றைக்கு லைன் ஏற்கெனவே பின்தங்கி, சூப்பர்வைசர் தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தாராம். எப்போதோ உடைந்த இன்னொரு ஊசியின் முனை அவளுடைய பாபின் டப்பாவில் கிடந்திருக்கிறது. அதை எடுத்து ஒட்டி அட்டையை முழுசாக்கிவிட்டாள். முனை தரையில்தான் விழுந்திருக்கும், கூட்டும்போது போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாளாம். இப்படி ஒரு தப்பைத் திருப்பூரைத் தவிர வேறு ஊரில் யாராவது செய்வார்களா என்று தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை நான் அடக்கவில்லை. லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். கடைசியில் ஒன்று சொன்னேன்.

“நீ ஒரு புள்ளையப் பெத்திருந்தீன்னா இந்த வேலையச் செஞ்சிருப்பியா?”

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அது லைனில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் துப்பட்டாவின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் ‘ங்க’ கூடும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முனை கிடைக்காவிட்டால் சனிக்கிழமை தைத்த லாட் முழுவதையும் வெட்டி அழித்துவிட வேண்டியதுதான் என்றார். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பெண் சாயங்காலம் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்றார். பிறகு சீல் வைத்த பெட்டிகளை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு சட்டையையும் மறுபடி பெல்ட்டில் ஏற்றச் சொன்னார்.

அந்தக் காலை நேரத்தை நான் மறக்க மாட்டேன். பொதுவாகப் பெல்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாய் மாதிரி அது பாட்டுக்கு ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எல்லோரும் சுற்றி நின்றார்கள். பேக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், வாயில் இந்திப் பாட்டு நிற்காத பீகார்ப் பையன்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சட்டையை வைப்பேன். அது குகைக்குள் போகும். வெளியே வரும். அடுத்தது போகும், வரும். மஞ்சள், வெள்ளை, இளநீலம். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான். இவ்வளவு குழந்தைகளா என்று எனக்கு முதல் தடவையாக மலைப்பாக இருந்தது. பத்து வருஷமாக நான் சட்டைகளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஒரு குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு என் முன்னால் போய்க்கொண்டிருந்தது. முகமே தெரியாத எந்த ஊரிலோ, இன்னும் பிறக்கக்கூட இல்லாத பிள்ளைகள். அவ்வளவு பேரும் இந்த ஒரு முழ நீளக் குகை வழியாகத்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை போனது. நடுநடுவே அட்டையை அனுப்பினேன். அட்டைக்கு மட்டும் அது கத்தியது, ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒன்பது தடவை. சட்டைக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கடைசிச் சட்டையும் சத்தமில்லாமல் வெளியே வந்து விழுந்தது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். தரையில் விழுந்து குப்பையோடுதான் போயிருக்கும்போல என்று யாரோ சொன்னார்கள். குப்பை மூட்டைகளையும் பிரித்து காந்தம் வைக்கச் சொன்னார்.

நான் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. என் கண்ணை நான் நம்ப மாட்டேன், பெல்ட்டை நம்புவேன். பெல்ட்டில் ஏறிய எந்தச் சட்டையிலும் முனை இல்லை என்று அது சொல்லிவிட்டது. அப்படியென்றால் பெல்ட்டில் ஏறாத சட்டை எது என்று மனம் தன்பாட்டில் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் கழுத்துப் பட்டியில் இருந்த எண்ணெய்க் கறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஊசி உடைந்த பதற்றத்தில் மெஷினைத் துழாவிய கை, அதே கையோடு துணியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கறைதான் அது.

மங்கலத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அந்த வீட்டில் ஒரே போன்தான், அதை மாப்பிள்ளை தறிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவார், தறிச் சத்தத்தில் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மேனேஜரிடம் போய் வீட்டில் ஒரு அவசரம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ட்டு வாங்க என்றார். வெளியே பெஞ்சில் அந்தத் தேனிப் பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்துதான் வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டே போனேன். காலையில் அவளைப் பொய்க்காரி என்று சொன்ன வாயால்தான் இப்போது நானும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நெருப்பெரிச்சலிலிருந்து மங்கலம் போக ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இருபத்து மூன்று நாள் குழந்தையின் கழுத்து எவ்வளவு மெல்லியது என்பது மட்டும்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழுத்தில் நான் முத்தம் கொடுத்திருந்தேன். அந்தப் பிஞ்சு அழுதால் பசிக்கு அழுகிறது என்றுதான் நினைப்பார்கள். பால் கொடுப்பார்கள். தோளில் போட்டு அழுத்தித் தட்டிக்கொடுப்பார்கள். அழுத்தித் தட்டிக்கொடுப்பார்களே என்று நினைத்ததும் சிக்னல் என்றும் பார்க்காமல் நுழைந்துவிட்டேன். ஒரு டெம்போக்காரன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். திட்டட்டும், தகும் என்று போனேன்.

இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு என்று கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். கொடுத்த கையால் திருப்பி வாங்கினால் அந்தக் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்? மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருந்தேன், பெல்ட்டில் ஏறி இறங்கியது. அளவு சின்னதாகப் போய்விட்டது, மாற்றிக்கொள் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் தொட்டில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டை. யானைகள். கழுத்துப் பட்டியில் கறை இல்லை, துவைத்துப் போட்டிருக்கிறாள்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாங்கக்கா என்றாள். அளவு, மாற்று என்று நான் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“கண்ணு, அந்தச் சட்டையக் கழட்டிரு. பெல்ட்டுல போடாமக் கொண்டாந்துட்டேன். அதுக்குள்ள ஊசி இருக்குது.”

அவள் பதறவில்லை. என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“மொனைதானுங்க்கா? நான் அன்னைக்கே எடுத்துட்டனுங்க. அதா பாருங்க.”

அவள் காட்டிய இடத்தில் சுவரில் நாள் காலண்டர் தொங்கியது. செவ்வாய்க்கிழமை அன்று அது இன்னும் ஞாயிற்றுக்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதிக்குப் பக்கத்தில் செல்லோ டேப், டேப்புக்குக் கீழே ஒரு வெள்ளி மினுக்கம். எழுந்து போய்ப் பார்த்தேன். ஊசி முனை. அட்டையில் ஒட்டுகிற மாதிரியே நேராக, கூர் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி ஒட்டியிருந்தாள். தாளைக் கிழித்தால் அது தொலைந்துவிடும் என்று இரண்டு நாளாக அந்த வீட்டில் காலண்டரைக் கிழிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பி வண்டியை எடுத்ததுமே அவள் அந்தச் சட்டையைப் புரட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு தையலாகப் பிடித்து நசுக்கி நசுக்கி நகர்த்தியிருக்கிறாள். கழுத்துப் பட்டியில், தையல் இரண்டாக மடிகிற இடத்தில் சுருக்கென்று இருந்திருக்கிறது. தையலைப் பிரித்து, முனையை எடுத்து, மறுபடி கையால் தைத்து, துவைத்து, காயவைத்து, இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குப் போட்டிருக்கிறாள். அவள் மட்டும் இல்லையாம். அந்தத் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போன எந்தப் பெண்ணும் தன் பிள்ளைக்குப் புதுத்துணியைத் தடவிப் பார்க்காமல் போட மாட்டாளாம். இதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. அரிசியைக் களைந்துதான் உலையில் போடுவோம் என்கிற மாதிரி சொன்னாள்.

“எட்டு வருசம் பிளாட்லாக் ஓட்டிட்டு, தடவிப் பாக்காம எம் புள்ளைக்குப் போடுவனுங்களா?”

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் இரண்டு நாள் சோறு தின்ன மாட்டீர்கள், அடுத்த தடவை நேரில் வரும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றாள். பின்னே ஏன் காலண்டரில் ஒட்டி வைத்தாய் என்றேன். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. உடைந்த ஊசியை வீச முடியுமா என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

நான் அவளுடைய வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். அந்த இரண்டு விரல்களைப் பார்த்தேன். நுனி கொஞ்சம் காய்த்து, நகம் ஒட்ட வெட்டி, ஒரு சாதாரணக் கை. பத்து வருஷமாக நான் ஒரு குகையைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தேன். அதே குகை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது. கரண்டு வேண்டாம், சிவப்பு விளக்கு வேண்டாம், இரண்டு விரலுக்கு நடுவில் இருந்திருக்கிறது. அந்தக் கையை என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஐயோ என்னங்க்கா இது என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்வதற்கு என்ன.

சட்டையைக் கழற்ற வேண்டாம், பிள்ளை தூங்கட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பத்திரமாகக் கிழித்து மடித்து என்னிடம் கொடுத்தாள். திங்கட்கிழமைத் தாளையும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

நான் கம்பெனிக்குத் திரும்பியபோது நாலரை மணி. அந்தப் பெண் இன்னும் அதே பெஞ்சில் இருந்தாள். அவளுடைய கணக்கை முடித்து, கையெழுத்துப் போட ஒரு தாளை மேஜையில் தயாராக வைத்திருந்தார்கள். நான் மேனேஜரின் மேஜையில் காலண்டர் தாளை விரித்தேன். ஊசி நோட்டை எடுத்துவந்து சனிக்கிழமை அட்டையில் இருந்த பொய் முனையை உரித்துவிட்டு, இந்த முனையை அந்த இடத்தில் வைத்தேன். பூதக்கண்ணாடி வழியாக அவரே பார்த்தார். உடைந்த இடமும் உடைந்த இடமும் பல்லோடு பல் சேர்ந்த மாதிரி சேர்ந்தன. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. லாட் தப்பித்தது. பெட்டிகளை மறுபடி கட்டச் சொல்லிவிட்டு, மேனேஜர் தலையைத் தூக்கினார்.

“எங்கீங்க கெடைச்சுது?”

மெஷினுக்கு அடியில் என்று சொன்னால் போதும். இரண்டு வார்த்தை. யாரும் தோண்டிக் கேட்கப் போவதில்லை. காலண்டர் தாளுக்கு ஒரு கதை கட்டவும் எனக்குத் தெரியும், மகனுக்குச் சினிமாக் கதையையே மாற்றிச் சொன்னவள்தானே. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் வைக்காமலே, வெறுமனே, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்கு ஆள் தெரியாது. இது நம்ம அக்கா வைத்த துணி என்று ஒரு நாளும் எதையும் அது விட்டதில்லை. அதன் முன்னால் நின்றுகொண்டு என்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

“பொறந்த கொழந்தைக்குன்னு நீங்க குடுத்த பீசுலீங்க. பெல்ட்டுல போட்டு எடுத்துக்கச் சொன்னீங்க. நான் போடலீங்க.”

எனக்குப் பின்னால் லைனில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. அவர் ஊசி நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக எழுதினார். பிறகு மேஜையில் இருந்த அந்தக் கணக்குத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, போய் மெஷினில் உட்காருங்க, இனி இப்படி நடக்கக் கூடாது என்றார். என் பக்கம் கையை மட்டும் நீட்டினார். எதற்கு நீட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். பெல்ட் மேஜையில் இருந்த, இரும்புப் பொட்டு வைத்த சோதனை அட்டையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நாளையிலிருந்து பிசிறு வெட்டுகிற டேபிளுக்கு வாங்க என்றார். சரிங்க என்றேன்.

எல்லோரும் கலைந்தார்கள். பெட்டி கட்டுகிற டேப் சத்தம் மறுபடி கிளம்பியது. கண்டெய்னர் வந்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள், வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தேனிப் பெண் மட்டும் மெஷினுக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தாள். காலையில் நான் சொன்னதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். கிட்டே வந்தவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அக்கா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?”

அந்தக் கம்பெனியில் வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

“இல்ல கண்ணு. நல்லாத் தூங்கறான்” என்றேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.